எத்தனை துண்டு, அண்ணி?

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் என் பெயரைப் பார்த்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள் என்று அண்ணன் சொன்னான். அதனால் கடிதம். கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாலும் பின்பக்கமும் எழுதியிருப்பேன்.

ஒரு உதவி வேண்டும். என் வேலை உங்களுக்குத் தெரியும். அண்ணன் பாஷையில் சொன்னால், சம்பளம் வாங்கிக்கொண்டு கல்லை உடைக்கிறேன். நீளமான ஒரு வாயுத் துப்பாக்கி. அதிலிருந்து பட்டாணி அளவுக் குண்டு ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போய், கூண்டுக்குள் வைத்திருக்கும் கல்லில் மோதும். வானத்தில் சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் கட்டடத்துக்குள் பார்க்க எங்களுக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்.

போன வாரம் கடைசிக் கல்லைச் சுட்டோம். கருங்கல், தேங்காய் அளவு, கடைந்து உருட்டியது. அருமையாக உடைந்தது. இனி துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் அறையில்தான் சிக்கல். கூரை ஒழுகி மேசை மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 16 அன்று மேலிடத்துக் குழு வருகிறது. "அதுக்குள்ள கணக்கு என் மேசைக்கு வரணும். இல்லேன்னா இந்த அறையைக் கூட்ட அரங்கத்துக்காரங்க கேக்கறாங்க" என்றார் தலைவர். எதற்கு என்று கேட்டேன். நாற்காலி அடுக்கவாம். ஒன்பது வருஷ வேலை, அண்ணி. அந்த இடத்தில் நாற்காலி.

கை நடுங்காமல், இடுக்கியால் துண்டுகளை எடுத்து, ஒரு பொடியைக்கூடத் தொலைக்காமல் பிரிக்கிற ஆள் வேண்டும். நல்ல விளக்குள்ள மேசையும் வேண்டும். அப்படி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் என்னோடு பேசுவதில்லை. உங்கள் அருங்காட்சியகம் இந்த மாதம் வெள்ளையடிப்புக்காகப் பூட்டியிருக்கிறது என்று அண்ணன் சொன்னான்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது... சொன்ன இடம் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

வெடி

மார்ச் 7

வெடிக்கு,

உன் பெட்டி திங்கட்கிழமை வந்தது. உதவி செய்ய முடியுமா என்று கேட்கும் உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இந்த வரிசையை நீயே ஒருமுறை யோசித்துப் பார்.

உன் அண்ணன் பெட்டியை வாங்கி, "இனிப்பு அனுப்பியிருக்காளோ?" என்று குலுக்கிப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவர் குலுக்கியதில் ஏதாவது உடைந்திருந்தால் அந்தக் கணக்கு உங்கள் குடும்பத்தோடு போகட்டும்.

சொன்ன இடம் தப்பு என்று எழுதியிருக்கிறாய். சொன்ன விஷயம்? அந்த ஜாடியை மூன்று வருஷம் உட்கார்ந்து ஒட்டினேன். அது கண்ணாடிப் பெட்டிக்குள் போன அன்றைக்குத்தான் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். நீ இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டே, "உடைஞ்சு கிடந்தப்ப அதுல விஷயம் இருந்தது அண்ணி. ஒட்டினதும் வெறும் ஜாடி ஆயிடுச்சு" என்றாய். உன் அம்மா சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இருக்கட்டும். வேலையை எடுத்துக்கொள்கிறேன். உனக்காக இல்லை. துண்டுகள் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப எனக்கு வராது. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டியை முதலில் அனுப்பியிருக்கிறாய்.

இதை எதற்கு உடைத்தாய், உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று விவரமாக எழுது. விஷயம் புரியாமல் நான் வேலை செய்வதில்லை.

அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நன்றி நன்றி நன்றி. ஜாடி விஷயத்தை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். நேரில் சண்டை போடலாம். நீங்கள் நேரில் நன்றாகச் சண்டை போடுவீர்கள்.

எதற்கு உடைத்தேன் என்றால்: வானத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள்கள் லட்சக்கணக்கில் சுற்றுகின்றன. பெரியவை கொஞ்சம், சிறியவை ஏராளம். இது தற்செயல் இல்லை. ஒரு பெரியது மோதி உடைந்தால் நடுத்தரமாகச் சில, சின்னதாகப் பல, பொடியாக எக்கச்சக்கம். அந்த நடுத்தரங்கள் மறுபடி மோதிக்கொள்ளும், மறுபடி உடையும். நானூறு கோடி வருஷமாக இதுதான் நடக்கிறது. அதனால் இன்றைக்கு எந்த அளவில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால், இத்தனை காலமும் எப்படி மோதிக்கொண்டன என்று பின்னால் போய்க் கணக்குப் போடலாம். மிகப் பெரிய சிலவற்றை மட்டும் யாராலும் உடைக்க முடியவில்லை. அவை பிறந்த அளவிலேயே சுற்றுகின்றன, எங்கள் தலைவர் மாதிரி.

அந்தக் கணக்குக்கு ஒரு விவரம் அவசியம். ஒரு கல்லை இவ்வளவு பலமாக அடித்தால், எந்தெந்த அளவில் எத்தனை துண்டு விழும்? அதைத்தான் உங்கள் மேசையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவே. எத்தனை துண்டு? ஒவ்வொன்றும் என்ன அளவு? மாவாகப் போனதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். மற்றபடி உங்கள் வழக்கப்படி செய்யுங்கள். உங்களுக்கு நான் வேலை சொல்லித்தரத் தேவையில்லை.

வெடி

மார்ச் 27

வெடிக்கு,

வேலை முடிந்தது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்தது என்பதை உன் தலைவரிடம் சொல்.

நீ கேட்டபடி:

எண்ணிக்கை: ஒன்று.

அளவு: குறுக்கே பத்தரை சென்டிமீட்டர்.

மாவு: தனி டப்பாவில், மூடி போட்டு.

கடினமான கல். மண்பாண்டம் போல் இல்லை. விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கின்றன. மூன்று விரலில் பிளாஸ்திரி போட்டிருக்கிறேன். ஆனால் பொய் சொல்லாத கல். எந்தத் துண்டு எதற்குப் பக்கத்துத் துண்டு என்பதில் சந்தேகமே வரவில்லை. குண்டு பட்ட இடத்துக்கு அருகில் பொடிப் பொடியாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் பெரிய துண்டுகள். நேற்று மதியம் கடைசித் துண்டை வைத்துவிட்டு உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்து, "இதையா உடைச்சா?" என்றார். அவர் என்னைப் பாராட்டி நான் கேட்ட ஒரே வாக்கியம் இதுதான்.

ஒரு குறை. குண்டு பட்ட இடத்துக்கு மேலே பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. குழியின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. அங்கே இருந்தது மாவாகப் போகவில்லை. முழுசாக ஒரு துண்டாக விழுந்திருக்கிறது. அது பெட்டியில் இல்லை. ஒரு பொடிகூடத் தொலையக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. எங்கே அந்தத் துண்டு?

அண்ணி

மார்ச் 30

அண்ணி,

ஒட்டிவிட்டீர்களா?

ஒட்டிவிட்டீர்களா???

உங்கள் கடிதத்தை நடைவழியில் நின்று படித்தேன். "எண்ணிக்கை: ஒன்று" என்ற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். துப்பாக்கியைக் கவனிக்கிற எங்கள் பீரங்கி அண்ணாச்சி ஓடிவந்து, "வீட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று என்று எனக்கே தெரியும், அண்ணி! சுடுவதற்கு முன்னால் அது ஒன்றாகத்தான் இருந்தது! அதை ஒன்று இல்லாமல் ஆக்கத்தான் இரண்டு மாதம் துப்பாக்கியைத் தயார் செய்தோம்! இதுவரைக்கும் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் மோதலின் முடிவு "ஒன்று" என்று வந்திருக்காது. குழு வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்று, "ஐயா, அடித்தோம், உடைந்தது, எங்கள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை" என்று சொல்லட்டுமா?

ஒட்டுவதற்கு முன்னால் எடையாவது போட்டீர்களா? எண்ணினீர்களா? போட்டோ? ஏதாவது?

கூட்ட அரங்கத்துக்காரர் ஒருவர் இன்று அளவு நாடாவோடு வந்து எங்கள் அறை வாசலை அளந்துவிட்டுப் போனார்.

வெடி

ஏப்ரல் 2

வெடிக்கு,

கடிதத்தில் இத்தனை கேள்விக்குறி போடாதே. பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரி இருக்கிறது.

எடை போடவில்லை. எண்ணவும் இல்லை. ஏன் என்று கேள். "மற்றபடி உங்கள் வழக்கப்படி" என்று எழுதினாய். என் வழக்கம் இதுதான். எங்கள் மேசைக்கு ஒரு கூடை ஓடு வந்தால் முதலில் பொருத்துவோம், பிறகுதான் எண்ணுவோம். ஒரே ஜாடி, மெத்தையில் விழுந்தால் மூன்று துண்டு, கல்தரையில் விழுந்தால் முந்நூறு. துண்டுகளின் எண்ணிக்கை ஜாடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது எப்படி விழுந்தது என்பதைத்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? சேர்த்த பிறகு எத்தனை ஜாடி என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் துண்டுகளை எண்ணச் சொன்ன முதல் ஆள் நீதான்.

எது எப்படி விழுந்தது என்பதுதான் உனக்கு வேண்டும் என்று இப்போது புரிகிறது. உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் அப்படித்தான் இருக்கிறது. சரி.

பரிகாரம் உண்டு. நாங்கள் போடுகிற பசை திரும்பக் கரைகிற பசை. எங்களுக்குப் பிறகு வருகிறவர் எங்கள் தப்பைத் திருத்த வேண்டுமே, அதற்காக. திரவத்தில் ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆனால் பாறையின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் பசை இறங்கியிருக்கும். அவசரப்பட்டால் புதிதாக உடையும். மூன்று வாரம் ஆகும். உனக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது.

வருத்தமாகத்தான் இருக்கிறது. அதை இதற்கு மேல் எழுத மாட்டேன்.

குழியில் இருந்த துண்டு எங்கே என்று நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

அண்ணி

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

துண்டு கிடைத்துவிட்டது. எங்கே என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை தலைவர் அறைக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. கணக்கு வராது, கல் ஒட்டப்பட்டுவிட்டது, தப்பு என்னுடையது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உள்ளே போய் நின்றால், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அவர் காகிதக் கட்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கல். விளிம்பு கத்தி மாதிரி.

"ஐயா, இது?"

"அழகா இருக்கில்ல? அன்னைக்கு நீங்க சுட்டப்ப அறைக்குள்ள எட்டிப் பாத்தேன். கூண்டுக் கதவு ஓரமா கிடந்தது. ஒண்ணு எடுத்தா என்ன, அதான் ஆயிரம் இருக்கேன்னு..."

"எடை குறையுமே ஐயா."

"ஒண்ணுதானேம்மா."

"ஐயா, போன வருஷம் ஒரு சிட்டிகை மாவு கொட்டிப்போச்சுன்னு பீரங்கி அண்ணாச்சிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் குடுத்தீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அந்த நேரம் பார்த்து, கல் ஒட்டப்பட்ட கதையைச் சொன்னேன். கத்த வாய் திறந்தார். காகிதக் கட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "சரி, வேற வழி ஏதாவது பாருங்க" என்றார். ஒன்பது வருஷத்தில் அவரிடமிருந்து "சரி" என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

அப்புறம் ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு வழி இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருந்தால் நல்லது.

அந்தக் கல்லை அப்படியே அனுப்புங்கள். கழற்ற வேண்டாம். ஒட்டியபடியே அதை மறுபடி சுட விரும்புகிறேன்.

வெடி

ஏப்ரல் 8

வெடிக்கு,

முடியாது.

நான் விரலை அறுத்துக்கொண்டு சேர்த்ததை நீ வாங்கி மறுபடி சுடுவாய். அதற்கு நான் அட்டைப் பெட்டியும் கயிறும் தேடி, கட்டி, அனுப்ப வேண்டும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றாது. தோன்றினாலும் கேட்க மாட்டார்கள்.

உன் அண்ணன் பக்கத்தில் நின்று, "கொடுத்துடலாமே, அவ வேலை போயிடுமில்ல" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். தட்டையும் அவரே கழுவினார். கழுவி வைக்கும்போது ஒரு தட்டில் கீறல் விழுந்தது. அதை அவர் கண் எதிரிலேயே வைத்திருக்கிறேன்.

மூன்று வாரத்தில் கழற்றித் தருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. குழுவிடம் தேதி மாற்றிக் கேள்.

அண்ணி

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

தேதி மாற்றிக் கேட்டேன். மாற்ற மாட்டார்கள். நாற்காலிகள் வந்துவிட்டன. நடைவழியில் எங்கள் கதவு வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போக வேண்டுமானால் பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

உங்களைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் வேண்டாம்.

ஒரு சிறுகோள் மோதி உடைந்ததும் துண்டுகள் எல்லாம் பறந்து போய்விடுவதில்லை. ஓரளவு பெரியதாக இருந்தால் அதன் ஈர்ப்பே பாதித் துண்டுகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மெதுவாக வந்து ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல். கிட்டப் போனால் குவியல். நடுவில் சந்தும் பொந்தும். சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரைக்கும் உள்ளவற்றில் நிறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அதாவது மேலே மோதிக்கொள்வதில் பாதி, ஏற்கெனவே ஒருமுறை உடைந்து சேர்ந்தவை.

ஆனால் இந்த அறையில் நாங்கள் ஒன்பது வருஷமாக எதைச் சுட்டோம்? கீறல் இல்லாத முழுக்கல்லை. கடைக்காரர் கடைந்து கொடுத்ததை. ஏனென்றால் அதுதான் கிடைத்தது. உடைந்து சேர்ந்த ஒன்றை அடித்தால் எப்படி உடையும், எத்தனை துண்டாகும் என்று எங்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் போட்ட எங்கள் கணக்கு எல்லாம் அரைகுறை. சரளைக் கல்லைப் பசையில் குழைத்து உருட்டிப் பார்த்தோம் ஒருமுறை. அது உருண்டையாகத்தான் இருந்தது, உடைந்து சேர்ந்ததாக இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, நடுவில் மெல்லிய ஒட்டு மட்டும் உள்ள ஒரு கல், எனக்குத் தெரிந்து, உங்கள் மேசையில் மட்டும்தான் இருக்கிறது.

ஜாடியைப் பற்றிச் சொன்னதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. வாங்கினால் கல்லுக்காக வாங்கினேன் என்பீர்கள். ஆனால் இந்தக் கல்லை நீங்கள் ஒட்டியதும் அது வெறும் கல் ஆகிவிடவில்லை. அதில் விஷயம் கூடியிருக்கிறது. அது உண்மை.

வெடி

ஏப்ரல் 12

வெடிக்கு,

கல்லை உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை. உன் அண்ணனையும் முழுசாக நம்பவில்லை. மடியை விட்டு இறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் என்னை மாற்றியது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு ஒன்று. படித்துவிட்டுக் கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். முழுக்கல் தட்டினால் கணீர் என்னும். இது தொப் என்றது. என் ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருஷமாக ஒட்டுவதை எல்லாம் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். "தொடாதீர்கள்" என்று பலகை வேறு. யாரும் அடித்துப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, குழியோடு அதைச் சுடக் கூடாது. அரைகுறை வேலையை என் பெயரில் யாரும் பார்க்கக் கூடாது. உன் தலைவரிடமிருந்து அந்தத் துண்டை வாங்கி, இதோடு அனுப்பும் பசையால் ஒட்டு. மெல்லியதாக இரண்டு பக்கமும் தடவி, ஒரு நாள் மணலில் புதைத்து அசையாமல் வை. நீ தடவினால் அதிகமாகத் தடவுவாய். பீரங்கி அண்ணாச்சியை விட்டுத் தடவச் சொல். இரண்டு, என்ன ஆனாலும் உன் தலைவருக்குச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணி

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டாவது நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. தலைவர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். குழுவும் நின்றது. தலைவர் அவர்களைச் சுடுகிற அன்றைக்கே வரவழைத்துவிட்டார். "காகிதத்துல காட்ட ஒண்ணும் இல்லாதப்ப நேர்ல காட்டிடணும்" என்றார்.

முதலில் அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்து, "மடியில என்ன சார்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "சிறுகோள்" என்றிருக்கிறான். "எங்க இறங்கணும்?" என்றாராம் அவர். இறங்கும் வரைக்கும் எதிர் இருக்கைக்காரர் குழந்தையை அண்ணன் பக்கம் விடவே இல்லையாம்.

பீரங்கி அண்ணாச்சி பசை தடவினார். நான் பார்த்தேன், தொடவில்லை. தலைவரே துண்டைத் தன் கையால் குழியில் வைத்தார். பொருந்தியதும், "அட" என்றார், பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி.

புதன்கிழமை காலை சுட்டோம். துப்பாக்கியில் போன முறை செய்த ஏற்பாடு அப்படியே இருந்தது. அதே அளவுக் குண்டு, அதே வேகம். போன முறை இந்த அடியில் கல் பூவாணம் மாதிரி சிதறியது. இந்த முறை சத்தமே வேறு மாதிரி இருந்தது. கூண்டைத் திறந்தோம். தூசி அடங்கியது.

நின்றுகொண்டிருந்தது, அண்ணி.

குண்டு உள்ளே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அதைச் சுற்றிக் கால்வாசி உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்தவை பெரும்பாலும் உங்கள் ஒட்டு வழியாகவே கழன்றிருந்தன. புதிதாக உடைந்தவை கொஞ்சம்தான். மீதி முக்கால்வாசி, உங்கள் பெரிய துண்டுகள் இருக்கும் எதிர்ப்பக்கம், ஒன்றுமே நடக்காத மாதிரி தாங்கியில் உட்கார்ந்திருந்தது. அடியின் அதிர்ச்சி ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போயிருக்கிறது. முழுக்கல்லில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடி எல்லாவற்றையும் பிளந்துவிடும்.

குழுவில் வயதான அம்மா ஒருவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இதை ஒட்டினது எந்த மிஷின்?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "என்ன அண்ணி?" என்றார். ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்துவிட்டார். அப்புறம் விளக்கினேன்.

இது ஒரே ஒரு முறை சுட்டது. ஒன்றை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் இது மறுபடியும் இப்படியே வந்தால், மேலே இருக்கிற குவியல்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிக நாள் தாங்கும், நடுத்தர அளவில் அதிகம் மிஞ்சும், எங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும். குழு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. நாற்காலிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது அளவு நாடாக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நிபந்தனை உண்டு. இதே மாதிரி இன்னும் ஆறு வேண்டும். உடைத்துச் சேர்த்தவை. மூன்று இதே பசையில், மூன்று இன்னும் மெல்லிய ஒட்டில். அதை எந்த மிஷினாலும் செய்ய முடியாது என்று அந்த அம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆள் வராவிட்டால் ஒரு வருஷமும் இல்லை.

சேர்த்த ஆறையும் ஒவ்வொன்றாக உங்கள் கண் முன்னால் சுடுவேன். மறைத்து என்ன? வருவீர்களா? முழுக்கற்களை அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சரி என்றால் அவற்றை இங்கே எடுத்து வாருங்கள், முதலில் நான் துப்பாக்கியால் உடைத்துத் தருகிறேன். வேண்டாம் என்றால் தோட்டத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வெடி

ஏப்ரல் 24

வெடிக்கு,

முக்கால்வாசி என்று எழுதியிருக்கிறாய். எடை போட்டாயா, இல்லை கண்ணால் பார்த்துச் சொன்னாயா? சரியான எண்ணை அனுப்பு. என் ஒட்டு எத்தனை சதவீதம் தாங்கியது என்று எங்கள் இயக்குநர் கேட்டால் "முக்கால்வாசி" என்று சொல்ல முடியாது.

கழன்ற துண்டுகளில் ஒட்டு எந்தப் பக்கத்தோடு போயிருக்கிறது, இடது முகத்திலா வலது முகத்திலா என்றும் பார். அதைத் துடைத்துவிடாதே.

உன் கல் ஆறும் பத்திரமாக வந்தன. உன் அண்ணன் இந்த முறையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார். ஆறையும் எப்படி என்று நான் கேட்கவில்லை. வந்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

மே மாதம் முழுக்க விடுப்புக் கேட்டேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "கல் உடைக்க" என்று எழுதினேன். இயக்குநர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப நாளா லீவே எடுக்கல இல்ல நீங்க" என்று மிகவும் மென்மையாகச் சொல்லி, உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

ஆகவே வருகிறேன். உன் அறையில் எனக்கு ஜன்னல் ஓரத்து மேசை வேண்டும். விளக்கு என்னுடையதை எடுத்து வருவேன். கூரையைச் சரி செய்யச் சொல்.

நீ உடைத்துத் தரும் வரை காத்திருக்கச் சொன்னாய். ஆறையும் நீ உடைத்து, நான் சேர்த்து முடிக்க ஒரு மாதம் போதாது. முதல் கல்லையாவது இங்கேயே தயார் செய்துவிடலாம் என்று தோன்றியது. சேர்ந்திருப்பதுதான் முக்கியம், முதலில் எதனால் உடைந்தது என்பது அவ்வளவு முக்கியம் இல்லை என்று உன் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன். தப்பாக இருந்தால் சொல், அந்த ஒன்றைத் தள்ளிவிடலாம். பக்கத்துத் தெரு இரும்புக் கடையில் நல்ல கனமான சுத்தியல் ஒன்று வாங்கினேன். பின்கட்டில் சாக்கு விரித்து, நான்கு பக்கமும் துணி கட்டி, ஒரு துண்டும் வெளியே போகாதபடி ஏற்பாடு செய்தேன். கண்ணுக்குக் கண்ணாடி. கைக்கு உறை. எடையும் போட்டுவிட்டேன்.

வேண்டுமென்று ஒரு பொருளை நான் உடைத்ததில்லை. முதல் அடியில் கண்ணை மூடிக்கொண்டேன், சுத்தியல் சாக்கில் விழுந்தது. இரண்டாவது அடியில் கல்லின் ஓரம் பட்டது, கை அதிர்ந்தது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடிக்குக் கண்ணை மூடவில்லை.

அது பிளந்த விதத்தை நேரில் வந்து சொல்கிறேன். எழுத வரவில்லை.

சத்தம் கேட்டு உன் அண்ணன் பின்கட்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், பயந்தபடி, "என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார்.

"இல்லை. தள்ளி நில்லுங்க" என்றேன்.

அண்ணி